ஆச்சியின் முழங்கை

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் மூன்று மாதம் குளிப்பாட்டுவது ஆச்சிதான். முற்றத்தில் மனைக்கட்டையைப் போட்டு, காலிரண்டையும் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். பிள்ளை அவள் கால்மேல் கிடக்கும். பக்கத்தில் பித்தளை அண்டாவில் பச்சைத்தண்ணீர். அடுப்பில் இன்னொரு பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். "ஏளா, தண்ணிய வெளாவிட்டியா?" என்று குரல் வரும். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. அம்மா வெந்நீரை இறக்கிக் கொண்டுவந்து வைப்பாள். நான் செம்பால் மொண்டு அண்டாவில் ஊற்றிக் கலக்குவேன். ஆச்சி கையை மடக்கி, முழங்கையை மட்டும் தண்ணீருக்குள் வைப்பாள். ஒரு நொடிதான். "இன்னும் அரைச் செம்பு" என்பாள். இல்லையென்றால், "போதும்."

விளாவுதல் என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். சர்பத்தைக் கலக்குகிறோம், மாவைக் கரைக்கிறோம், தண்ணீரை விளாவுகிறோம். சூடான தண்ணீரோடு குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்து உடம்புக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே தமிழில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. 15 வருடமாக வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வெப்பம் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் எழுதுவது இந்தச் சொல்லைத்தான். சமன்பாடு அப்புறம்தான் வரும்.

சமன்பாடு என்ன சொல்கிறது? சூடான பொருள் இழந்த வெப்பமும் குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பமும் சமம். ஒவ்வொன்றுக்கும் நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன் (அந்தப் பொருளில் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பம்), வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும். தண்ணீரோடு தண்ணீர் சேரும்போது நடுவிலுள்ளது இரண்டு பக்கமும் ஒன்றுதான், அடித்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆச்சியின் அண்டாவுக்கு வருவோம்.

அண்டாவில் 10 லிட்டர், 28 டிகிரியில். அதை 38 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 10 லிட்டர், 10 டிகிரி, ஆக 100 கிலோகலோரி தேவை. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியிலிருந்து 38-க்கு இறங்கும்போது லிட்டருக்கு 62 கிலோகலோரி கொடுக்கும். 100-ஐ 62-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.6 லிட்டர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பத்து லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் போதுமா? வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். மறுநாள் வந்து, "ஆமா மிஸ், போதுது" என்பார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. பச்சைத்தண்ணீரில் வெந்நீரை ஊற்றினாலும், வெந்நீரில் பச்சைத்தண்ணீரை ஊற்றினாலும் கடைசியில் வரும் வெப்பநிலை ஒன்றுதான். கணக்குக்கு வரிசை தெரியாது. ஆனால் ஆச்சி ஒரு நாளும் வெந்நீரை முதலில் ஊற்ற விட்டதில்லை. பச்சைத்தண்ணீர் முதலில் இருந்தால், நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும், தவழும் பிள்ளை அண்டாவுக்குள் கையை விட்டாலும் ஒன்றும் ஆகாது. முடிவு ஒன்றாக இருந்தாலும் வழி முக்கியம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் முழங்கை என்று ஒருமுறை கேட்டேன். "கைக்கு என்ன தெரியும், அது அடுப்புல வெந்த கை" என்றாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமலே இறக்கிப் பழகிய உள்ளங்கை அது. முழங்கைத் தோலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம் தோல் வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. தனக்குள் வெப்பம் வருகிறதா, தன்னைவிட்டுப் போகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதைத்தான் அது உணர்கிறது. ஒரு கையைச் சூடான தண்ணீரிலும் இன்னொன்றைக் குளிர்ந்த தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான ஒரே பாத்திரத்தில் வைத்தால் ஒரு கை குளிர்கிறது என்கும், மற்றது சுடுகிறது என்கும். ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதற்காகத்தான் வெப்பநிலைமானி தேவைப்பட்டது.

காலையில் எழுந்து மர நாற்காலியையும் இரும்புக் கிராதியையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இரும்பு சில்லென்று இருக்கிறது, மரம் அப்படி இல்லை என்பார்கள். இரண்டும் இரவெல்லாம் ஒரே அறையில் இருந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்திக்கொண்டு போவதால் விரல் ஏமாறுகிறது. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். மனதுக்குள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதனால் மே மாதம் வரை காத்திருப்பேன். எங்கள் ஊரில் 40 டிகிரி அடிக்கிற மதியம், நிழலில் உள்ள அதே கிராதியைத் தொடச் சொல்வேன். இப்போது இரும்பு சுடும், மரம் அவ்வளவு சுடாது. தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி. அறை அதற்குக் கீழே இருந்தால் இரும்பு நம்மிடமிருந்து வேகமாக வாங்கும். மேலே போனால் நமக்கு வேகமாகக் கொடுக்கும். இரும்பு குளிர்ச்சியான பொருள் என்ற எண்ணம் அந்த மதியத்தோடு போய்விடும்.

சரி, பாடத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன்.

வெப்பச் சமநிலை என்றால் இரண்டு பொருளிலும் வெப்பம் சமமாக இருப்பது என்றுதான் பாதிப் பேர் எழுதுவார்கள். சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. சமமாவது வெப்பநிலை. மாடியில் ஒரு பெரிய தொட்டி, பக்கத்தில் ஒரு சிறிய தொட்டி, அடியில் குழாய் போட்டு இணைத்தால் இரண்டிலும் நீர்மட்டம் சமமாகும். உள்ளே இருக்கும் தண்ணீர் சமமாகாது. வெப்பநிலை அந்த மட்டம் மாதிரி. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்தவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1750-களின் இறுதியிலும் 1760-களிலும் மருத்துவமும் வேதியியலும் சொல்லிக்கொடுத்தவர். ஒரு பாத்திரப் பாதரசத்தையும் அதே கொள்ளளவு தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் 13.6 மடங்கு கனம். அப்படியென்றால் அதைச் சூடேற்ற அதிக வெப்பம் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றை மட்டும் சூடாக்கி இரண்டையும் கலந்தால் முடிவு வெப்பநிலை தண்ணீர் பக்கமே சாய்கிறது. கனமான பாதரசம் தண்ணீரில் பாதியளவு வெப்பத்தைக்கூடத் தாங்குவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதற்கேயான ஓர் அளவு உண்டு என்று பிளாக் இதிலிருந்து புரிந்துகொண்டார்.

அவர் செய்த இன்னொரு சோதனையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது. குளிர்நாட்டில் பிறந்தவர்களுக்குப் பனி உருகுவது தினசரிக் காட்சி. வெயில் வந்து காற்று சூடான பிறகும் மலைச்சரிவில் பனி வாரக்கணக்கில் கிடக்கும். உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் கிடைத்தால் மொத்தமும் நீராகிவிடும் என்பதுதான் அன்றைய எண்ணம். அது உண்மையானால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே நாளில் வெள்ளம் வந்து ஊரை அடித்துக்கொண்டு போக வேண்டும். அப்படி நடக்கவில்லையே என்று பிளாக் யோசித்தார்.

ஒரே மாதிரி இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்று உறைந்து பனிக்கட்டியாக இருந்தது. இன்னொன்று உறையும் புள்ளியான 32 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, 33 டிகிரியில், ஆனால் நீராகவே இருந்தது. இரண்டையும் ஒரு பெரிய காலி அறையில் தொங்கவிட்டார். அறையின் சூடு 47 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரிக்கு வந்துவிட்டது, அதாவது 7 டிகிரி ஏற்றம். பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரிக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் பத்தரை மணி. அரை மணிகளாக எண்ணினால் 21. இரண்டு குடுவைக்கும் அறை ஒரே வேகத்தில் வெப்பம் கொடுக்கிறது என்று வைத்தால், பனிக்கட்டி வாங்கியது 21 தடவை 7, ஆக 147 டிகிரிக்கான வெப்பம். வெப்பநிலைமானியில் தெரிந்ததோ 32-லிருந்து 40 வரை 8 டிகிரிதான். மீதி 139 எங்கே போனது? உருகுவதற்கே செலவாகிவிட்டது. வெப்பநிலைமானிக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொண்ட அந்த வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். இன்றைய துல்லியமான அளவு 144. ஒரு கடிகாரம், ஒரு வெப்பநிலைமானி, ஒரு முழு நாள் பொறுமை, இவற்றை மட்டும் வைத்து ஒருவர் இவ்வளவு கிட்ட வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நம் அளவில் சொன்னால் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி. வீட்டில் எலுமிச்சைச் சாறு போடும்போது பாருங்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 0 டிகிரித் தண்ணீர் 100 கிராம் ஊற்றினால் 27 டிகிரிக்குத்தான் இறங்கும். அதே 100 கிராமை 0 டிகிரிப் பனிக்கட்டியாகப் போட்டால் 20-க்கு இறங்கிவிடும். இரண்டும் 0 டிகிரிதான், எடையும் ஒன்றுதான். உருகும் செலவு மட்டுமே வித்தியாசம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் பள்ளித் தேர்வுத்தாளைக் கொண்டுவந்தாள். 200 கிராம் பனிக்கட்டியை 30 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரில் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன என்பது கேள்வி. அவள் சமன்பாட்டை ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காகத் தீர்த்து, மைனஸ் 25 டிகிரி என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. வேறு ஒரு வார்த்தைகூட இல்லை. "மிஸ், எல்லா ஸ்டெப்பும் சரியாத்தானே இருக்கு, எங்க தப்பு?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

அவள் கூட்டிக் கழித்ததில் தப்பே இல்லை. எல்லாப் பனியும் உருகும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். நான் அவளிடம் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தண்ணீரிடம் கொடுக்க எவ்வளவு இருக்கிறது? 200 கிராம் 30 டிகிரி இறங்கினால் 6000 கலோரி. அதற்கு மேல் அதனிடம் கிடையாது. பனிக்கட்டி கேட்பது எவ்வளவு? முழுக்க உருக 16000. கையிலிருக்கும் 6000-ஐக் கொடுத்தால் 75 கிராம்தான் உருகும். 125 கிராம் பனியாகவே நிற்கும், இறுதி வெப்பநிலை 0. மைனஸ் 25 என்ற விடை உண்மையில் என்ன சொன்னது தெரியுமா? "நீ நினைத்தது நடக்காது, திரும்பிப் பார்" என்றது. அதை யாராவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் பிள்ளைகளை விடை கண்டுபிடிக்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன்: கொடுப்பது யார், வாங்குவது யார், பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்குப் பாடப்புத்தகம் அதிகம் இடம் கொடுப்பதில்லை. வெப்பம் வெளியே போகவில்லை என்று கொள்க என ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். வாழ்க்கையில் மூன்றாவது ஆள் எப்போதும் நிற்கிறார்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். 85 டிகிரியில் 150 மில்லி காபியை 100 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுகிறோம். அந்த டம்ளர் வெப்பக் கணக்கில் 12 கிராம் தண்ணீருக்குச் சமம். 28 டிகிரியிலிருந்து தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே காபியிலிருந்து 4 டிகிரியை எடுத்துக்கொள்ளும். டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுகிறவர்கள் அந்த 4 டிகிரியைக் காப்பாற்றுகிறார்கள். அப்புறம் டபராவில் ஊற்றி ஆற்றும்போது ஆவியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சூட்டில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 550 கலோரி வேண்டும். ஒரே ஒரு கிராம் ஆவியாகப் போனாலும் 150 கிராம் காபி மூன்றரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். இரண்டு தடவை தூக்கி ஆற்றினதும் குடிக்கும் பதம் வருவது இதனால்தான். இதே கணக்கு திரும்பியும் வரும். இட்லிப் பானையைத் திறக்கும்போது மணிக்கட்டில் படும் நீராவி அந்த வெப்பத்தை அப்படியே கையில் இறக்குகிறது. ஒரு கிராம் கொதிநீர் 37 டிகிரிக்கு வரும்போது 63 கலோரி கொடுத்தால், ஒரு கிராம் நீராவி 600 கொடுக்கும். நீராவி தன் எடையைப்போல் ஆறு மடங்கு கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைப் பார்த்து வியந்த ஜேம்ஸ் வாட், அதே கிளாஸ்கோவில் பிளாக்கிடம் போய்க் கேட்டார். பிளாக்கிடம் அதற்குப் பதில் முன்பே இருந்தது.

வெப்ப இயக்கவியலின் சுழி விதியை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். அ என்ற பொருள் ஆ-வோடும் இ-யோடும் சமநிலையில் இருந்தால், ஆ-வும் இ-யும் தமக்குள் சமநிலையில் இருக்கும். வெப்பநிலைமானி என்ற கருவி செல்லுபடியாவதே இதனால்தான். முதல், இரண்டாம் விதிகள் எல்லாம் வந்த பிறகு, 1930-களில்தான் ரால்ஃப் ஃபௌலர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். வெப்பநிலைமானியும் ஒரு பொருள்தான், அதுவும் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் சொல்லும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வேன். ஒரு மூடித் தண்ணீரின் சூட்டைத் தடித்த வெப்பநிலைமானியால் அளந்தால், தண்ணீர் பழைய தண்ணீராக இருக்காது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பையனின் கேள்வி. எல்லாப் பொருளும் கடைசியில் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும் என்று சொல்லி முடித்திருந்தேன். மூலையில் மணல்மேல் மண்பானை இருந்தது. "மிஸ், அப்போ பானைத் தண்ணி மட்டும் ஏன் வரமாட்டேங்குது? நேத்துலேர்ந்து அங்கதானே இருக்கு?"

ஆவியாதல் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது அதைவிடப் பெரியது. பானைத் தண்ணீரின் வெப்பநிலை மாறாமல் இருக்கிறது, ஆனால் அது சுற்றுப்புறத்தோடு சமநிலையில் இல்லை. மாறாமல் இருப்பது வேறு, சமநிலையில் இருப்பது வேறு. பானையின் சுவர் வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது கிராமுக்கு 580 கலோரி எடுத்துக்கொண்டு போகிறது. பானை குளிர்கிறது. குளிர்ந்ததால் அறைக் காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வருகிறது. போவதும் வருவதும் ஒரே வேகத்தில் நடக்கும் இடத்தில் வெப்பநிலை நிற்கிறது. குளத்துக்கு வரத்தும் மடை வழியாகப் போவதும் சமமாக இருந்தால் மட்டம் அசையாமல் நிற்பது போல. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் வறண்ட மேல்காற்று அடிக்கும்போது பானைத் தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஆவியாதல் மந்தப்பட்டு, பானைத் தண்ணீர் கிட்டத்தட்ட அறையின் சூட்டுக்கே வந்துவிடும்.

அன்றைக்கு அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். நாமும் அந்தப் பானை மாதிரிதான். 28 டிகிரி அறையில் 37 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுகிற ஒருவர் சராசரியாக 97 வாட் வெப்பத்தைச் சுற்றிலும் விட்டுக்கொண்டே இருக்கிறார், பழைய 100 வாட் குண்டு பல்பு மாதிரி. பிரெஞ்சு விஞ்ஞானிகளான லவாய்சியரும் லாப்லாசும் 1780-களில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கூண்டுக்குள் வைத்து, உருகி வடிந்த நீரை அளந்து, உயிரின் சூட்டைக் கணக்கிட்டார்கள். உயிரோடு இருக்கும்வரை நாம் அறையோடு சமநிலைக்கு வருவதில்லை. இதைச் சொல்லும்போது அறை கொஞ்ச நேரம் அமைதியானது. கேள்வி கேட்ட பையன், "அப்போ செத்தா?" என்றான். "வந்துவிடும்" என்றேன்.

ஆச்சி போய் ஒன்பது வருடமாகிறது. போன மாதம் தங்கை மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இப்போது மனைக்கட்டையில் உட்காருவது அம்மா. அண்டா அதேதான். நான் இந்தமுறை கணக்குப் போட்டு, 10 லிட்டரை அளந்து ஊற்றி, 1.6 லிட்டர் கொதிநீரையும் அளந்து கொண்டுபோனேன். பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஒரு வெப்பநிலைமானியும் கையில் இருந்தது. ஊற்றிக் கலக்கி, மூன்று நிமிடம் விட்டுப் பார்த்தேன். 38 வர வேண்டிய இடத்தில் 36.5 காட்டியது.

அம்மா வெப்பநிலைமானியைப் பார்க்கவில்லை. முழங்கையை வைத்தாள். "இன்னும் அரைச் செம்பு ஊத்து" என்றாள்.

அடுப்பிலிருந்து முற்றத்துக்கு வருவதற்குள் கொதிநீர் 92 டிகிரிக்கு இறங்கியிருக்கும். 5 கிலோ பித்தளை அண்டா அரை லிட்டர் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவான பங்கை வாங்கியிருக்கும். அங்கேயே மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், 36.5 சரியாக வந்தது. ஒன்றரை டிகிரி ஏற்ற இன்னும் 350 மில்லி வேண்டும். எங்கள் செம்பு 700 மில்லி பிடிக்கும்.

அரைச் செம்பு ஊற்றினேன். அம்மா இன்னொரு முறை முழங்கையை வைத்துவிட்டு, பிள்ளையின் தலையில் முதல் கை தண்ணீரை விட்டாள்.